சந்திர தசையா, சஞ்சல தசையா?

(தலைப்பு: சந்திர தசையில் மனிதரை அலைக்கழிப்பது கிரகமா? மனமா? ‘மனமே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

தமிழும் நகைச்சுவையும் ஒருசேர வாய்த்த நடுவர் அவர்களே! ‘கிரகமே’ என்று அடித்துப் பேசிவிட்டு, இப்போது ஆற அமர சோடா குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருக்கிற அன்பு நெஞ்சங்களே! 

எனக்கு முன்னாலே பேசிய சகோதரி பெரிய குற்றப்பத்திரிகையே படிச்சாங்க. “எங்க வீட்டுக்காரருக்குச் சந்திர தசை ஆரம்பிச்சு நாலு வருஷத்துல அஞ்சு வீடு மாறிட்டோம். சந்திரன் அலைச்சலுக்குரிய கிரகம். அலைய வெச்சுட்டான்” அப்படின்னாங்க. அம்மா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வீட்டைக் காலி பண்ணச் சொன்னது சந்திரனா, வீட்டுச் சொந்தக்காரரா? (சிரிப்பு) மூணு மாச வாடகை பாக்கி வெச்சா, குரு தசையிலயும் காலி பண்ணத்தாங்க சொல்லுவாங்க!

ஜோதிடம் பொய் என்று பேச நான் இங்கே வரவில்லை. அது வேற தலைப்பு. அதுக்கு நடுவர் வேற நாள் தருவார், வேற கவர் தருவார். (சிரிப்பு) எதிரணியினர் எந்த ஏட்டை எடுத்துக்கொண்டு வந்தார்களோ, அதே ஏட்டைப் பிரித்துப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

தசை என்றால் என்ன? பேச்சு வழக்கிலே ‘அவனுக்குத் தசை அடிச்சிருச்சு’ங்கிறோம். கணக்கு தெரியுமான்னு கேட்டா முழிக்கிறோம். மனிதனுக்கு ஆயுள் 120 வருஷம் என்று வைத்துக்கொண்டு, அதை ஒன்பது கிரகத்துக்கும் பங்கு பிரிச்சிருக்காங்க. கேதுவுக்கு 7, சுக்கிரனுக்கு 20, சூரியனுக்கு 6, சந்திரனுக்கு 10, செவ்வாய்க்கு 7, ராகுவுக்கு 18, குருவுக்கு 16, சனிக்கு 19, புதனுக்கு 17. கூட்டிப் பாருங்க, 120 வரும். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு ஒண்ணரை சென்ட் நிலம் பிரிக்க முடியாம கோர்ட்டுக்குப் போறோம். ஒன்பது பேருக்கு ஒரு வில்லங்கம் இல்லாம பிரிச்சிருக்கான் பாருங்க! (கைதட்டல்)

சரி, யாருக்கு எந்த தசை முதலிலே? நாம் பிறந்த நேரத்திலே சந்திரன் எந்த நட்சத்திரத்திலே நின்றதோ, அந்த நட்சத்திரத்துக்குரிய கிரகத்தின் தசைதான் முதல் தசை. ரோகிணி, அஸ்தம், திருவோணம் மூணும் சந்திரனுடைய நட்சத்திரங்கள். ரோகிணியிலே சந்திரன் பாதி தூரம் கடந்திருக்கும்போது பிறந்த குழந்தைக்குச் சந்திர தசை இருப்பு 5 வருஷம். தொட்டில்லயே தொடங்கி, ஒண்ணாங்கிளாஸ் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

இப்ப என் நண்பர்கள் ஒரு கணக்குப் போடணும். மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் இந்த மூணு நட்சத்திரக்காரங்களுக்கும் முதல் தசை செவ்வாய். அப்புறம் ராகு, குரு, சனி, புதன், கேது, சுக்கிரன், சூரியன். எல்லாம் முடிஞ்சு சந்திரன் வந்து கதவைத் தட்டும்போது வயசு என்ன? குறைஞ்சது 103! அதாவது இந்தப் பிறவியிலே சந்திர தசையைப் பார்க்காமலே போய்ச் சேர்கிறவர்கள்தான் அதிலே ஏறக்குறைய எல்லாரும். அப்படின்னா இந்த மூணு நட்சத்திரத்திலே பிறந்தவங்களுக்கு மனக்கலக்கமே வராதா? தூக்கமே கெடாதா? என் மனைவி சித்திரை நட்சத்திரம். சந்திர தசை அவங்க பக்கமே வராது. ஆனா ஒரே நாளைக்குள்ள ஒன்பது தசையையும் அனுபவிக்கிறாங்க. அதுக்குக் காரணம் கிரகம் இல்லீங்க, நான்! (பலத்த சிரிப்பு)

இன்னொரு கணக்கு சொல்றேன், வீட்டிலே போட்டுப் பாருங்க. ஒவ்வொரு தசைக்குள்ளேயும் ஒன்பது கிரகமும் புக்தி என்ற பேரிலே தலைகாட்டும். சந்திர தசை 10 வருஷம், அதாவது 120 மாசம். அதிலே சந்திர புக்தி 10 மாசம், செவ்வாய் 7 மாசம், ராகு 18 மாசம், குரு 16, சனி 19, புதன் 17, கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6. என்ன தெரியுது? மற்ற தசைகளிலே பெரும்பாலும் புக்திக்கு மாசம், நாள் என்று உடைத்துக் கணக்குப் பார்க்கணும். சந்திர தசையிலே மட்டும், எந்தக் கிரகத்துக்கு எத்தனை வருஷமோ அத்தனை மாசம். 120 வருஷ வாழ்க்கையை அப்படியே சின்னதாக்கி 10 வருஷத்துக்குள்ளே வெச்ச மாதிரி. சின்ன வயசிலே பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கர்வம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கடைசியிலே சொல்கிறேன்.

நடுவர் அவர்களே! ஜோதிட நூல்கள் சூரியனைத் தந்தைக்கும், சந்திரனைத் தாய்க்கும் உரியவனாகச் சொல்கின்றன. அத்தோடு சந்திரனுக்கு இன்னொரு பட்டம் கொடுத்திருக்கின்றன. மனோகாரகன்! மனசுக்கு அதிகாரி. ஏன் அப்படிச் சொன்னார்கள்? சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ முப்பது வருஷம். சந்திரன் பன்னிரண்டு ராசியையும் 27 நாள் சொச்சத்திலே சுற்றிவிடுகிறான். ஒரு ராசியிலே இரண்டே கால் நாள்தான் இருப்பு. வளர்கிறான், தேய்கிறான், ஒருநாள் காணாமலே போகிறான், மறுபடி வருகிறான். நம்ம மனசும் அப்படித்தானே! எழுதி வைத்த முன்னோர்களே சந்திரனுக்கு நேரே மனம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எதிரணி நண்பர்கள் ‘கிரகமே’ என்று சொல்லும்போதெல்லாம், அவர்களை அறியாமல் எங்கள் கட்சிக்கு வாக்குக் கேட்கிறார்கள்! (கைதட்டல்)

நண்பர் சந்திராஷ்டமத்தைப் பற்றிச் சொன்னார். தினசரி காலண்டரிலே கீழே போட்டிருக்கும். பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியிலே சந்திரன் வரும் நாள். மாசத்துக்கு இரண்டே கால் நாள். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலர், அன்றைக்கு அதிகாரியிடமும் வாயைத் திறக்க மாட்டார், வீட்டிலேயும் வாயைத் திறக்க மாட்டார். நல்ல பழக்கம்தான். அவர் வீட்டம்மா, ‘மாசம் முழுக்கச் சந்திராஷ்டமமா இருக்கக் கூடாதா’ன்னு வேண்டிக்கிறாங்க! (சிரிப்பு)

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 நிலவிலே இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர், நம்ம வீரமுத்துவேல். பக்கத்து வீட்டிலே பட்டாசு வெடிக்கிறார்கள். ஒரு பெரியவர் மட்டும் என்னிடம் வந்து, “சார், நாம சந்திரன் மேல இறங்கிட்டோம். சந்திரன் நம்ம மேலேருந்து இறங்கலையே. இன்னும் மூணு வருஷம் தசை பாக்கி இருக்கு” என்கிறார். அந்தச் சோகத்திலேயும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தமிழாசிரியன் இலக்கியம் பேசாமல் இறங்கினால் சம்பளம் செரிக்காது. இளங்கோவடிகள் காப்பியம் தொடங்கும்போது முதலிலே யாரைப் போற்றுகிறார்? திங்களை. ஞாயிறுகூட அதற்கு அப்புறம்தான். கண்ணகிக்கும் கோவலனுக்கும் கல்யாணம். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயசு, பையனுக்குப் பதினாறு. எந்த நாள்? மதி ரோகிணியைச் சேர்ந்த நாள். ரோகிணி சந்திரனுடைய சொந்த நட்சத்திரம். அது நிற்கிற ரிஷபம் சந்திரனுக்கு உச்ச ராசி. இதைவிட நல்ல நாள் எந்தப் பஞ்சாங்கத்திலேயும் கிடையாது. அப்படிப்பட்ட நாளிலே கைப்பிடித்தவன்தான் அவளை விட்டுப் போனான். போன இடத்திலேயும் இருந்தானா? புகார்க் கடற்கரையிலே மாதவி பாடிய பாட்டுக்குத் தானாக ஓர் அர்த்தம் செய்துகொண்டு, அவளையும் விட்டுப் போனான். பாட்டைத் தப்பாகக் கேட்டது கிரகத்தின் காதா, கோவலனின் காதா?

(நடுவர் மணியடிக்கிறார்) ஐயா, மணி அடிச்சிட்டீங்க. நான் சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. இரண்டு நிமிஷம் கொடுங்க.

எங்க அம்மாவுக்கு அனுஷ நட்சத்திரம், நாலாம் பாதம். அனுஷம் விருச்சிக ராசி. சந்திரனுக்கு நீச வீடு. 1989இலே எங்கப்பா தவறிப்போனார். அம்மாவுக்கு அப்போது வயசு 51. நான் கல்லூரியிலே இளங்கலைத் தமிழ். காரியமெல்லாம் முடிந்து மூணு மாசம் இருக்கும். அம்மா குழம்பிலே இரண்டு தடவை உப்புப் போடுறாங்க. மாடு கறக்க மறந்துட்டுத் திண்ணையிலே உட்கார்ந்திருக்காங்க, கன்னுக்குட்டி கத்துது, காதிலேயே விழலை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்தா முற்றத்திலே தனியா உட்கார்ந்திருக்காங்க. கேட்டா, “தூக்கம் வரலைடா”ங்கிறாங்க.

ஊர் ஜோதிடரிடம் போனோம். அவர் கட்டத்தைப் பார்த்தார். “சூரிய தசை முடிஞ்சு சந்திர தசை தொடங்கியிருக்கு. நீச சந்திரன். மனசு சீக்கிரம் வாடும்” என்றார். இன்னும் என்னவோ சொன்னார். எனக்குக் காதிலே விழுந்தது ‘சந்திர தசை’ மட்டும்தான். நான்தான் கணக்குப் புலியாச்சே! வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் பிரித்து, அழகாகக் கோடு போட்டு எழுதினேன். சந்திரன் 10 மாசம், செவ்வாய் 7, ராகு 18... எழுதி அரிசிப்பானைக்கு மேலே சுவரிலே ஒட்டினேன். “அம்மா, இதெல்லாம் தசை படுத்துற பாடு. 10 வருஷத்துல தானா சரியாப் போயிடும்” என்று சொன்னேன். சொன்னவன் இருபது வயசுப் பையன். கேட்டுக்கொண்டது, சாப்பாடு இறங்காமல் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்த ஒரு தாய்.

திருவையாற்றுக்குப் பக்கத்திலே திங்களூர் கைலாசநாதர் கோயில், சந்திரனுக்குரிய தலம். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போனோம். அதைத் தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பஸ்ஸிலே ஜன்னலோரம் உட்கார்ந்து காவிரியைப் பார்த்தபோது, “உங்கப்பாவுக்கு இந்த ஆத்துல குளிக்கணும்னு ஆசை” என்று அம்மா வாய் திறந்து பேசினாங்க. பல நாளைக்கு அப்புறம் பேசின பேச்சு. அப்பவாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டாமா? விளங்கலை. வீட்டுக்கு வந்ததும் சுவரிலே இருந்த தாளைத்தான் பார்த்தேன்.

இரண்டு வருஷம் போச்சு. எங்க தெருவுக்கு வருகிற கிராமச் செவிலியர் அம்மா ஒருநாள் உள்ளே வந்து பார்த்தாங்க. சுவரையும் பார்த்தாங்க. “தம்பி, கால் ஒடிஞ்சா தசை முடியட்டும்னு இருப்பியா?” என்று கேட்டு, அம்மா கையைப் பிடித்து பஸ் ஏற்றி, மாவட்டத் தலைநகரிலே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அவங்களே அழைத்துக்கொண்டு போனாங்க. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்கினீங்க?” அம்மா பதில் சொல்லாமல் அழுதாங்க. இரண்டு வருஷத்திலே அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. மனச்சோர்வு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். வாரம் ஒரு தடவை வந்து பேசச் சொன்னார். இரண்டே மாசம்! அம்மா மறுபடி ராத்திரி தூங்கினாங்க. ஒருநாள் காலையிலே என்னைத் திட்டினாங்க! எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு, அந்தத் திட்டு வாங்க! (கைதட்டல்)

அப்போது நடந்துகொண்டிருந்தது ராகு புக்தி. அது முடியவே இன்னும் 9 மாசம் இருந்தது. சந்திர தசை முடிய 7 வருஷம் 10 மாசம் பாக்கி. கிரகம் நின்ற இடத்திலேயேதான் நின்றது. அதே நீச சந்திரன். சந்திரனா எங்க அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்? பிடித்துக்கொண்டிருந்தது நான்.

ஜோதிடரிடம் சண்டைக்குப் போனேன். “உங்களாலே எங்கம்மா ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டாங்க” என்றேன். அவர் கோபப்படவில்லை. “தம்பி, அன்னிக்கு ரெண்டு சொன்னேன். தசை பத்து வருஷம்னேன். இந்த மாதிரி நேரத்துல அவங்களைத் தனியா விடாதீங்க, வைத்தியர்கிட்டக் காட்டுங்கன்னேன். நீ ஒண்ணைத்தானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போனே?” என்றார். சண்டைக்குப் போனவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

பாக்கி இருந்த அந்த ஏழு வருஷம் பத்து மாசத்திலேதான் அம்மா எனக்குப் பெண் பார்த்தாங்க. நான் முனைவர் பட்டம் வாங்கினதைப் பார்த்தாங்க. பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாங்க. சுவரிலே ஒட்டின தாள் வெள்ளையடித்தபோது போயே போச்சு. ஆனா கணக்கு என் மனசிலே இருந்தது. 1999இலே ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். “அம்மா, இன்னையோட உனக்குச் சந்திர தசை முடிஞ்சுது.”

தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அம்மா கேட்டாங்க: “அதுக்குள்ளயாடா?”