சரக்கும் அமானிதம், உயிரும் அமானிதம்

(திருப்போரூர் வட்டாரத்தில் டெலிவரி வேலையிலும் சரக்கு வண்டி ஓட்டும் வேலையிலும் இருக்கும் சகோதரர்களுக்காக நம் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் சரக்கு இறக்குமிடப் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பதினோரு வருடம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்று, "வா வா... நிறுத்து" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவன். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நாளை மட்டும் மறக்க முடியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டரை. ஜும்ஆவுக்குப் போக வேண்டும் என்று என் மனசு அவசரத்தில் இருந்தது. மேலே எல்லா மாடிகளிலும் சாப்பாட்டு நேரம். பார்சல் கொண்டுவந்த ஒரு தம்பி, வாசலில் இடம் இல்லை என்று பைக்கைச் சரக்கு வண்டி நிற்கும் இடத்தில் நிறுத்தினான். "ரெண்டே நிமிஷம் அண்ணே" என்றான். நானும் சரி என்று தலையாட்டினேன். அடுத்த நிமிடமே தண்ணீர் கேன் ஏற்றிய குட்டி யானை வந்தது. பைக் நின்றதால் நேராகப் பின்னால் வர முடியவில்லை. ஓட்டுநர் வண்டியை ஒடித்து, கோணலாக ரிவர்ஸ் எடுத்தார். கூட வந்த பையனுக்குப் பத்தொன்பது வயது. வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் நின்றுகொண்டு "வா வா" என்று சத்தம் கொடுத்தான். அந்த நேரம் பார்த்து ஓட்டுநரின் போன் அடித்தது. அவர் கண் ஒரு விநாடி கண்ணாடியிலிருந்து போனுக்குப் போனது. பையனின் கால் பம்பருக்கும் மேடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. எட்டு மாதம் வேலை இல்லை. இன்றைக்கும் அந்தத் தம்பி கைப்பிடியைப் பிடித்துத்தான் படி ஏறுகிறான்.

யோசித்துப் பாருங்கள். அங்கே கெட்டவன் என்று யாரும் இல்லை. பைக்கை நிறுத்தியவனுக்கு இரண்டு நிமிட அவசரம். ஓட்டுநருக்கு ஒரு விநாடிக் கவனப்பிசகு. எனக்கு 'போனால் போகட்டும்' என்ற இளக்காரம். மூன்று சின்னத் தப்பு ஒன்றாகச் சேர்ந்து ஒரு குடும்பத்தின் எட்டு மாதச் சோற்றைப் பறித்தது. அதனால்தான் அறக்கட்டளையினர் கூப்பிட்டதும் மறுக்காமல் வந்தேன்.

சரக்கை நாம் அமானிதம் என்கிறோம். ஒரு பிரியாணிப் பொட்டலம் கசங்கினால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் உயிரும், எதிரே வருகிறவரின் உயிரும் அதைவிடப் பெரிய அமானிதம் இல்லையா?

முதலில் சாலையைப் பற்றி. 2022-ல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105 விபத்துகள். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. சாவுகளில் பெரும்பங்குக்கு அந்தக் கணக்கு சொல்லும் காரணம் அதிவேகம்.

வேகத்தால் என்ன மிச்சம் என்று கணக்குப் போடுங்கள். பன்னிரண்டு கிலோமீட்டரை 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 18 நிமிடம். 60-ல் போனால் 12 நிமிடம். ஆறு நிமிடம் மிச்சம். அதுவும் சாலை காலியாக இருந்தால்தான். கேளம்பாக்கம் சந்திப்பிலும் நாவலூரிலும் அந்த ஆறு நிமிடம் கரைந்துவிடும். ஆனால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரம் 40-ல் இருப்பதைவிட 60-ல் இரண்டே கால் மடங்கு. லாபம் ஆறு நிமிடம், பணயம் உயிர். இப்படி ஒரு வியாபாரத்தை எந்த வியாபாரியாவது செய்வாரா?

போனும் அப்படித்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். ஆர்டரைப் பார்க்க இரண்டு விநாடி கண்ணை எடுத்தால், கிட்டத்தட்ட இரண்டு பஸ் நீளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோ ரயில் வேலையால் இந்தச் சாலையில் தடுப்புகளும் குறுகலும் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நேற்று இருந்த வழி இன்று இருக்காது. கிளம்பும் முன் வழியைப் பாருங்கள்; நடுவில் பார்க்க வேண்டுமானால் ஓரம் கட்டிப் பாருங்கள்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். தாடைப் பட்டையை மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட் நீங்கள் விழுவதற்கு முன்பே விழுந்துவிடும். கோவளம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடற்காற்று அடிக்கும்போது பின்னால் உயரமான பை கட்டியிருந்தால் வண்டி ஆடும். அங்கே வேகத்தைக் குறைப்பது கோழைத்தனம் ஆகாது.

இனி லோடிங் பே. இங்கே நான் சொல்வது புத்தகத்தில் படித்தது இல்லை. தினமும் கண்ணால் பார்த்தது.

ஒன்று: உள்ளே நுழையும் முன் உயரத் தடுப்பைப் பாருங்கள். வண்டியின் உயரம் மட்டும் போதாது. மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டிய சரக்கின் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: ஆள் இல்லாமல் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். வழிகாட்டும் ஆள் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி ஓரமாக நிற்க வேண்டும். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கவே கூடாது. கண்ணாடியில் ஆள் மறைந்தால் ஓட்டுநர் அந்த நொடியே நிறுத்த வேண்டும். சத்தத்தை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.

மூன்று: நின்றதும் கை பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை. சாவி ஓட்டுநரின் பையில். சரிவில் நிற்கும் வண்டியிலிருந்து எடை இறங்க இறங்க வண்டி அசையும் என்பதை மறக்காதீர்கள்.

நான்கு: கீழ்த்தளத்தில் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஏ.சி.க்காக ஓடவிட்டு உள்ளே தூங்குவது ஆபத்து. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

ஐந்து: டிராலியை இழுக்காமல் தள்ளுங்கள். சரிவில் இறக்கும்போது நீங்கள் மேட்டுப் பக்கம் நில்லுங்கள். கை நழுவினால் அது உங்கள் மேல் வராது. சரக்கு லிஃப்டில் எழுதியிருக்கும் எடையைத் தாண்டாதீர்கள். தீயணைப்புக் குழாய்க்கும் அவசர வழிக்கும் முன்னால் ஒரு பெட்டியைக்கூட வைக்காதீர்கள்.

ஆறு: பைக் லோடிங் பேயில் நிற்கக் கூடாது, இரண்டு நிமிடம்கூட. பாதையில் கிடந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாகச் சொல்லித் தந்த மார்க்கம் நம்முடையது. அகற்றுவது நன்மை என்றால், நாமே போய்ப் பாதையில் தொல்லையாக நிற்பது என்ன?

இப்போது மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஜமாஅத்தில் ஹோட்டல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பார்சலைத் தாமதமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, "பறந்து போடா" என்று பையனை விரட்டாதீர்கள். உங்கள் அடுப்பின் தாமதத்தை அவன் உயிரில் கழிக்காதீர்கள். கட்டட நிர்வாகத்தில், செக்யூரிட்டியில் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். பைக்குக்கு என்று தனியாக நிழலில் ஓர் இடம், குடிக்கத் தண்ணீர், போக ஒரு கழிப்பறை. இவ்வளவு கொடுத்தால் லோடிங் பேயில் பாதிப் பிரச்சினை தீரும். மேலே உட்கார்ந்து ஆர்டர் போடும் நம் பிள்ளைகளே, போன் வந்ததும் இறங்கி வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் தாமதிக்கும் ஐந்து நிமிடத்தை அவன் அடுத்த ஆர்டரில் வேகமாக ஓட்டித்தான் ஈடுகட்டுகிறான்.

நோன்பு மாதத்தைப் பற்றியும் சொல்கிறேன். அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் நோன்பாளியின் உடம்பில் தண்ணீர் இல்லை, கண்ணில் தூக்கம். சாலையில் அப்போதுதான் அலுவலகம் விடும் நெரிசல். வீட்டுக்குப் போய்த்தான் நோன்பு திறப்பேன் என்று விரட்டாதீர்கள். பையில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் இருக்கட்டும். பாங்கு சொன்னால் ஓரமாக நிறுத்தி அங்கேயே திறங்கள். கஞ்சி ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம்.

கடைசியாக, காகிதங்கள். நம் வீடுகளில் வண்டி அத்தா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகனாக இருப்பான். இன்ஷூரன்ஸில் வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் உள்ள உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான். மகனுக்குத் தனியாக எடுக்க வேண்டும். வெறும் மூன்றாம் நபர் காப்பீடு நம் காலுக்கும் நம் வண்டிக்கும் ஒரு காசு தராது. டெலிவரிக்கு ஓட்டுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிக் காப்பீடு எடுங்கள்.

தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்யுங்கள். மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவையும் விடாதீர்கள். விபத்து நடந்தால் முதலில் 108. அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் மேல்மருவத்தூரில்தான் அது தொடங்கிவைக்கப்பட்டது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். உதவி செய்பவரைக் காப்பாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவை 2019-ல் சேர்த்திருக்கிறார்கள்.

படிவம் நிரப்பத் தெரியவில்லை என்றால் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஆதார் அட்டையும் வண்டிப் புத்தகமும் எடுத்து வாருங்கள். கூச்சப்படாதீர்கள். விபத்துக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு நாங்கள் அரிசி மூட்டையோடு வருவதைவிட, அதற்கு முன்பு நீங்கள் ஒரு படிவத்தோடு இங்கே வருவது நல்லது.

அன்றைக்கு அந்த பைக்காரத் தம்பியிடம் நான் "முடியாது, எடு" என்று சொல்லியிருந்தால் அவன் என்னைத் திட்டியிருப்பான். அவ்வளவுதான். யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் கோபப்படாமல் வண்டியை எடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தால், தயங்காமல் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் எல்லாரும் காலையில் போனபடியே மாலையில் வீடு திரும்ப அல்லாஹ் அருள் செய்வானாக. வஸ்ஸலாம்.