தேகப் பயிற்சியும் நாள் பார்த்தலும்

(ஒரு தேகப் பயிற்சிச் சாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நாம் பயில்வானும் அல்ல, வைத்தியரும் அல்ல. தேகப் பயிற்சி நல்லது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுகிறார்கள். ஆனால் ஏன் தொடங்குவதில்லை, தொடங்கியவர்களும் ஏன் பத்து நாளில் விட்டுவிடுகிறார்கள் என்ற ஒரு விஷயத்தைப் பற்றி மாத்திரம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

உடலைப் பேணுங்கள் என்றால் முதலில் வருகிற பதில் என்ன? "எல்லாம் தலையெழுத்து, சாகிறவன் எப்படியும் சாவான்" என்பதுதான். இதைப் பரீட்சை செய்து பார்க்க வேண்டாமா? லண்டன் நகரத்தில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் மாடி பஸ்களில் வேலை செய்கிறவர்களைக் கவனித்துக் கணக்கெடுத்து 1953ல் வெளியிட்டார்கள். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஓயாமல் மாடிப்படி ஏறி இறங்குபவர். இருதய வியாதி டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்குக் குறைவாகவே வந்தது. தோழர்களே! ஒரே ஊர், ஒரே பஸ். டிரைவர்களுக்கெல்லாம் ஒரு பேனாவாலும், கண்டக்டர்களுக்கெல்லாம் வேறு பேனாவாலும் பிரம்மன் எழுதினான் என்பதா?

"நோயாளியும் தடித்தவனுமே டிரைவர் வேலைக்குப் போயிருக்கலாமே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான ஆக்ஷேபணைதான். அவர்கள் பஸ்ஸோடு நிற்கவில்லை. நடந்து தபால் கொடுப்பவர்களையும், ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர்களையும் ஒப்பிட்டார்கள். அங்கும் அதே முடிவுதான். பிறகு பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன.

இரண்டாவது பதில், "வயதாகிவிட்டது, இனி என்ன?" என்பது. அமெரிக்காவில் முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள 10 பேருக்கு, தகுந்தவர்கள் மேற்பார்வையில், காலால் பளு தூக்கும் பயிற்சி 8 வாரம் கொடுத்தார்கள். 1990ல் வெளியான முடிவின்படி அவர்களுடைய கால் பலம் சராசரி 174 சதவிகிதம் கூடிற்று. தொண்ணூறு வயதுக்காரர் தசை வளரும்போது, நாற்பது வயதில் திண்ணையில் சாய்ந்துகொண்டு "நம் காலம் முடிந்தது" என்பது வயதா, சோம்பேறித்தனமா?

மூன்றாவது பதில்தான் மிகவும் மோசமானது. "நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்கிறேன்" என்பது. தை பிறக்கட்டும், திங்கட்கிழமை வரட்டும் என்று வருஷங்கள் போகின்றன. தப்பித் தவறித் தொடங்கினாலோ ஒரு மண்டலம், 48 நாள் என்று விரதம் போல் வைத்துக்கொள்ளுகிறார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் "விரதம் கெட்டது" என்று அடியோடு விடுகிறார்கள். படித்தவர்களுக்கோ வேறொரு மந்திர எண் இருக்கிறது. தினம் 10,000 அடி நடக்க வேண்டுமாம்! அந்த எண்ணைப் பரப்பியது 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயர். கடைக்காரன் வைத்த பெயர் கையில் கட்டிய கடிகாரத்தில் வேதமாகிவிட்டது.

பழக்கம் எப்படி உண்டாகிறது என்பதையும் பரீட்சித்திருக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்தவர்கள் 96 பேரைத் தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு சிறு காரியம் செய்யச் சொல்லிக் கவனித்து, 2010ல் முடிவைப் பிரசுரித்தார்கள். அது தானாக நடக்கும் பழக்கமாக ஆக, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள், நடுத்தரமாக 66 நாள் என்று கண்டார்கள். ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவுமில்லை. ஆகவே 48க்கும் மகிமை இல்லை. 66க்கும் மகிமை இல்லை. தவறினால் பிராயச்சித்தம் வேண்டாம். மறுநாள் செய்தால் போதும்.

ஆகையால் நாம் சொல்லும் யோசனை இதுதான். தினமும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு பயிற்சியை முடிச்சுப் போடுங்கள். பல் விளக்கியதும் ஐந்து தண்டால், பத்து பஸ்கி. தண்டால் வராதவர் சுவரில் கை ஊன்றிச் செய்யட்டும். மாலை வேலை விட்டதும் பத்து நிமிஷம் வேக நடை. பழகப் பழகக் கூட்டிக்கொள்ளுங்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2020ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் நடுத்தர உழைப்பு. வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் நடுத்தரம். மார்பு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போங்கள், மந்திரிப்பவரிடம் போகாதீர்கள்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் 2022ம் வருஷக் கணக்குப்படி ஆண்களில் 100க்கு 42 பேர். பெண்களில் 57 பேர். அடுப்படியில் இடுப்பொடிய நிற்கும் பெண்களுக்கா உழைப்புப் போதாது என்று கேட்பீர்கள். அந்த வேலை களைப்பைக் கொடுக்கிறது; ஆனால் இருதயத்துக்கும் தசைக்கும் வேண்டிய வேகத்தைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. அவர்கள் காலையில் அரைமணி வெளியே நடந்தால் காப்பி யார் போடுவது என்பதுதான் இந்த வியாதியின் வேர். ஆண்பிள்ளை காப்பி போட்டால் கை தேய்ந்தா போகும்? தெருவில் நடக்கும் பெண்ணைப் பார்த்து இளிக்கிற நாலு பேரைத் தட்டிக்கேட்க ஆளில்லாமல், "பெண்களுக்கு ஆரோக்கியம் வேண்டும்" என்று மேடையில் பேசி என்ன பிரயோஜனம்?

இந்தச் சாலைக்காரர்களையே கேட்கிறோம். கர்லாக்கட்டை இருக்கிறது, இரும்புக் குண்டு இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. பெண்கள் வந்து பழக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா? மாலை போட்டு, பரிசு கொடுத்துக் கலைவதைவிட, அந்த ஒரு தீர்மானத்தை இன்று நிறைவேற்றினால் இந்த விழா பயனுள்ளதாகும். அதை நாளைக்கே ஆரம்பியுங்கள். நாளைக்கு என்ன திதி என்று மாத்திரம் கேட்காதீர்கள்.