சாட்சியும் ஒரே உலையும்



விளாங்குடியில் கூடியிருக்கும் நம் முன்னால் இன்று நாங்கள் வைக்க விரும்பும் கேள்வி இது: கிறித்தவ விசுவாசம் தலித் மக்களுக்கு ஓர் அடையாளத்தையும் வாழ்வதற்கு ஒரு நோக்கத்தையும் தந்ததா?

தந்தது என்றே நம் தாத்தா பாட்டிமார் சொல்வார்கள். ஊர்த்தெருவில் 'டேய்' என்று மட்டும் அழைக்கப்பட்டவர் ஞானஸ்நானப் பதிவேட்டில் யோவான் ஆனார். அவருடைய பிள்ளை எழுத்துக் கற்றது. மதம் மாறியதெல்லாம் கோதுமைக்கும் பால்பவுடருக்கும்தான் என்று பேசுகிறவர்கள், நம் முன்னோருக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் அறிவே இல்லை என்கிறார்கள். அதை நாம் ஏற்க முடியாது.

ஆனால் பெயர் மாறியதும் சாதி போய்விட்டதா? இதற்கு மதுரையின் வரலாற்றையே பார்க்கலாம். ராபர்ட் தெ நொபிலி 1606இல் இங்கே வந்தார். காவி உடுத்தி, உயர்சாதியாரின் வாழ்க்கைமுறையை ஏற்று, அவர்களிடம் சுவிசேஷம் சொன்னார். அந்த மிஷனில் பிறகு உயர்சாதியாருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்கு வேறு வகைக் குருக்கள் என்ற ஏற்பாடு வந்தது. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் வேறு முடிவெடுத்தது. ஊழியர்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும் என்று 1847இல் கேட்டது. மறுத்தவர்கள் விலக்கப்பட்டார்கள். ஒன்றாக ஜெபிக்க முடிந்தவர்களால் ஒன்றாகச் சாப்பிட முடியவில்லை.

இந்தச் சோற்றுக் கேள்வியை நம் காலத்தில் இறையியலாகவே ஆக்கியவர் தியோபிலஸ் அப்பாவு. விளாங்குடியிலிருந்து வைகையைக் கடந்து போனால் அரசரடி. அங்குள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 'பரட்டை' என்று பெயர் வைத்துக்கொண்டு கிராமிய மெட்டில் பாட்டெழுதினார். 2005இல் காலமானார்.

கர்நாடக இசைக் கீர்த்தனையும் மேல்நாட்டு ஞானப்பாட்டும்தான் தெய்வீகம் என்று இருந்த வழிபாட்டுக்குள் அவர் பறையைக் கொண்டுவந்தார். பறையைப் பேயின் கருவி என்று ஒதுக்கிய சபைகள் உண்டு. சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து தப்பிக்கப் பறையைக் கைவிட்ட நம் மக்களும் உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. முன்னது இழிவுபடுத்தியது, பின்னது இழிவை மறுத்தது. அப்பாவு மூன்றாவது வழியைக் காட்டினார். யாருடைய கட்டாயமும் இல்லாமல், பறையை நம் வழிபாட்டுக்கு நாமே அடிப்பது அந்த வழி. ஆண்பால் பெண்பால் இரண்டையும் அடக்கி, கடவுளைப் 'பெத்தவரே' என்று மக்கள் பேச்சில் அழைத்தார்.

அவருடைய இறையியலின் மையம் 'ஒரே உலை'. கூட்டுக் குடும்பம் உடையும்போது முதலில் உலைதான் தனியாகிறது. ஆகவே உழைப்பும் உணவும் உடைமையும் பகிரப்பட்டால்தான் உறவு உண்மை என்றார் அவர். அப்பம் பகிரும் நற்கருணைக்கும் இதுதானே பொருள்? தனி உலை வைத்துக்கொண்டு ஒரே அப்பத்தைப் பிட்பதில் என்ன விசுவாசம் இருக்கிறது?

பாமாவின் 'கருக்கு' 1992இல் மதுரையிலிருந்துதான் வெளிவந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பணிசெய்யும் நோக்கத்தோடு கன்னியர் மடத்துக்குப் போனவர் அங்கும் சாதியைக் கண்டார். வெளியேறினார், எழுதினார். அவர் தேடிப் போன நோக்கம் மடத்துக்குள் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னபோது கிடைத்தது. கிறித்தவர்கள் இதற்குச் 'சாட்சி' என்ற நல்ல சொல்லை வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சாட்சி இன்று சட்டத்துக்கும் தேவைப்படுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் தலித் இஸ்லாமியரும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் தலித் கிறித்தவருக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டுமே உரியது. அடிக்கிறவன் மதம் கேட்டு அடிப்பதில்லை, ஆனால் வழக்குப் பதியும்போது மதம் குறுக்கே வருகிறது.

சூசை வழக்கில் 1985இல் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது. அப்படியானால், 'எங்கள் சபையில் சாதியே இல்லை' என்று மேடையில் பேசும் ஒவ்வொரு சபைத் தலைவரும், தெரிந்தோ தெரியாமலோ, நம் வழக்குக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். கல்லறைத் தோட்டத்தில் சுவரை விட்டுவைத்துக்கொண்டு தில்லியில் நீதி கேட்க முடியாது. 2022இல் ஒன்றிய அரசு இதுபற்றி ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியது. இவற்றுக்கு வலு சேர்ப்பது நம் கையில் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊர்ச் சபையில் பொறுப்புகள் யாரிடம் இருக்கின்றன? கல்லறை எங்கே பிரிகிறது? தேர்பவனி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? சபைக்குள்ளேயே பெண்ணெடுப்பதும் கொடுப்பதும் எந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை? தேதியோடும் இடத்தோடும் எழுதி வையுங்கள். இது சபையைக் காட்டிக்கொடுக்கும் வேலை என்பார்கள். ஆமோஸ் தீர்க்கதரிசியையும் அப்படித்தான் துரத்தினார்கள் என்று பதில் சொல்லுங்கள். தலித்தாக இருப்பதா, கிறித்தவராக இருப்பதா என்று யாராவது கேட்டால், ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொல்லாதீர்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் சாட்சி.

அடுத்த அசன விருந்தில் சமைக்கிறவர்கள் யார், பந்தியில் யாரோடு யார் உட்காருகிறார்கள் என்பதிலிருந்தே தொடங்குங்கள்.