'பிளடி' என்னும் அடைமொழி



வெளி மாநிலங்களில் வாழும் நம் போன்றோர் அலுவலகத்திலும் தெருவிலும் அடிக்கடி செவியுறும் ஆங்கிலச் சொல் 'பிளடி' என்பது. அகராதியைப் புரட்டினால் 'இரத்தம் தோய்ந்த' என்னும் பொருள் முன்னே நிற்கும். ஆயினும், குடையின்றி நனைந்த ஒருவர் 'பிளடி மழை' என்று சலித்துக்கொள்ளுங்கால் அங்கே துளி இரத்தமும் இல்லை.

கன்னி மரியின் பெயரால் இடும் ஆணை சிதைந்து இச்சொல்லாயிற்று என்பர் சிலர். சொல்லாராய்ச்சியாளர் இதனை ஏற்பதில்லை. மிகுதியை உணர்த்தும் சொல்லாக இது 17-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. பின்னர் நாகரிகர் கூசும் சொல்லாயிற்று. 1914-இல் லண்டனில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் நடந்தபோது, பூக்காரி எலிஸா இதனை உச்சரித்தது பெரும் பரபரப்பை விளைத்தது. 2006-இல் ஆஸ்திரேலியச் சுற்றுலா விளம்பரமொன்றில் இச்சொல் இடம்பெற, பிரிட்டன் தொலைக்காட்சியில் அவ்விளம்பரம் சிறிது காலம் தடுக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் சொல்லின் கூர் முற்றும் மழுங்கவில்லை.

இலக்கண நோக்கில் இஃது ஒரு விந்தையான அடைமொழி. 'கரிய மேகம்' என்றால் கருமை மேகத்தின் பண்பு. 'பிளடி மழை' என்பதிலோ அடை மழையைச் சார்ந்து நிற்கிறது; பொருள் சொல்வோன் மனத்தைச் சார்ந்து நிற்கிறது. நம் தமிழிலும் இதற்கு இணையுண்டு. 'பாழாய்ப்போன பேருந்து இன்னும் வரவில்லையே' என்கிறோம். பாழானது பேருந்தன்று, நம் பொறுமையே.

ஆகவே, பொருளை நோக்கிச் சொன்னால் 'பாழாய்ப்போன', 'சனியன் பிடித்த' என்று பெயர்க்கலாம். ஆளை நோக்கிச் சொன்னால் அது வசை. மேலதிகாரி ஒருவர் 'பிளடி கோப்பு' என்றாரா, 'பிளடி குமாஸ்தா' என்றாரா? ஊழியரின் முறையீட்டை மொழிபெயர்ப்போர் இவ்வேறுபாட்டை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். முன்னது அலுப்பு, பின்னது அவமதிப்பு. வசையை அலுப்பாக மென்மைப்படுத்தினால் முறையிட்டவருக்கு நீதி குன்றும். அலுப்பை வசையாகக் கூர்மைப்படுத்தினால் அதிகாரிக்குப் பழி சேரும். ஒரு சொல்லில் இருவர் வாழ்வும் தொங்குகிறது.

நம் குழந்தைகள் பள்ளியில் இச்சொல்லை எளிதாகக் கற்றுவிடுகின்றனர். அதன் எடையைக் கற்பதில்லை. அவர்களை அதட்டுவதனால் பயனில்லை. அலுப்பைச் சொல்லத் தாய்மொழியிலும் சொல்லுண்டு என்றும், எந்தச் சொல்லாயினும் மனிதர்மீது எறியத் தகாது என்றும் வீட்டில் எடுத்துரைப்போமாக.