அப்பாவுக்கு வந்த நோயும் நான் மறைத்த விஷயமும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடித்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உங்க அப்பா விஷயத்தை ஆண்டு விழாவில் சொல்லு" என்று தலைவி அக்கா சொன்னபோது எனக்குத் தயக்கமாக இருந்தது. அப்பாவிடமே கேட்டேன். "சொல்லு தாயி, நாலு குடும்பத்துக்கு உபயோகப்படட்டும். பேரை மட்டும் சொல்லாத" என்றார். அதனால் பேர் சொல்லாமல் சொல்கிறேன்.

நான் பிறந்தது ஆலங்குடி பக்கம். வாக்கப்பட்டு வந்த ஊர் அங்கிருந்து பதினாலு கிலோமீட்டர். ரெண்டும் நம்ம கூட்டமைப்பில் இருக்கிற ஊர்கள்தான். அப்பாவுக்கு வயது 61. அரை ஏக்கர் நிலம் இருக்கு, அதில் கடலை போடுவார். மற்ற நாளில் கூலி வேலைக்குப் போவார். சின்ன வயசிலிருந்து பீடிப் பழக்கம் உண்டு. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான்.

எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு வருஷம் விடாமல் அப்பா பொங்கல் சீர் கொண்டு வருவார். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து எல்லாம் பையில் இருக்கும். கரும்புக் கட்டை சைக்கிளில் கட்டி மிதித்தே வந்துவிடுவார். 2025 பொங்கலுக்கு அப்பா பஸ்ஸில் வந்தார். கரும்பை யாரோ ஒரு பையன் தூக்கி வந்து கொடுத்தான். அப்பா திண்ணையில் உட்கார்ந்தவர் அஞ்சு நிமிஷம் பேசவில்லை. மூச்சு வாங்கியது. சட்டை தொளதொளவென்று தொங்கியது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஐப்பசியிலேருந்து இருமல்டி. சாயங்காலமானா காய்ச்சல். ராத்திரி வேர்த்து ஊத்துது. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்று அம்மா அழுதது.

மூணு மாசம் என்ன வைத்தியம் பார்த்தார்கள் தெரியுமா? கடையில் சொல்லி வாங்கின இருமல் டானிக். நடுவில் ரெண்டு தடவை ஊசி. அதிலேயே 4,200 ரூபாய் போயிருக்கு. பிறகு நானும் என் வீட்டுக்காரரும் ஒரு தனியார் இடத்துக்கு அழைத்துப் போனோம். ரத்தம், எக்ஸ்ரே என்று 2,850 ரூபாய் ஆனது. என் தோட்டை அடகு வைத்துத்தான் கட்டினேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நுரையீரலில் நிழல் இருக்கு, அரசு ஆஸ்பத்திரியில் சளி பரிசோதனை பண்ணுங்க" என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்தப் பரிசோதனை எல்லாமே அங்கே இலவசம் என்று.

எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் வசதி இருந்ததால் அப்பாவை எங்கள் வீட்டிலேயே தங்க வைத்தேன். டவுன் பஸ்ஸில் எனக்குக் கட்டணம் கிடையாது, அப்பாவுக்கு மட்டும்தான் காசு கொடுக்க வேண்டியிருந்தது. முதல் நாள் கொடுத்த டப்பாவில் அப்பா எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டார். "பெரியவரே, இது எச்சில். நல்லா மூச்சை இழுத்து, நெஞ்சுக்குள்ளேருந்து இருமி சளி எடுக்கணும்" என்று அந்த நர்ஸம்மா பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். மறுநாள் காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு வெட்டவெளியில் நின்று இருமி எடுத்தார். உங்கள் வீட்டில் யாருக்காவது சளி எடுக்க வேண்டி வந்தால் இதை ஞாபகம் வையுங்கள். எச்சிலைக் கொடுத்தால் இருக்கிற கிருமியும் தெரியாமல் போகலாம்.

கூடவே சுகருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எச்ஐவிக்கும் எடுத்தார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வயசுல எனக்கு இந்த டெஸ்ட்டா?" என்றார். "காசநோய் இருக்கிற எல்லாருக்கும் எடுக்கிறதுதான் தாத்தா, கலெக்டருக்கு வந்தாலும் எடுப்போம்" என்று நர்ஸம்மா சொன்ன பிறகுதான் கையை நீட்டினார்.

முடிவு வந்தது. நுரையீரலில் காசநோய். சுகரும் இருந்திருக்கு, எத்தனை வருஷமாக என்று யாருக்கும் தெரியாது. சுகர் இருந்தால் காசநோய் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கினார். "சாதாரண மாத்திரைக்குக் கட்டுப்படுகிற கிருமிதான், பயப்படாதீங்க. ஆறு மாசம் ஒரு நாள் விடாம சாப்பிட்டா குணமாயிடும்" என்றார். எடை பார்த்தார்கள். 41 கிலோ. அந்த எடைக்குத் தினமும் மூணு மாத்திரை. மாத்திரைக்குக் காசு இல்லை. சத்துணவுக்கு மாசம் 1,000 ரூபாய் பேங்க் கணக்கில் வரும் என்றும் எழுதிக்கொண்டார்கள். முன்னால் 500 ஆக இருந்ததாம், 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள்.

கடைசியாக நர்ஸம்மா என்னிடம் சொன்னது ஒன்று: "வீட்டுல கூட இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. பரிசோதனை பண்ணணும். முக்கியமா சின்னப் பிள்ளைங்க."

அக்கா தங்கச்சிகளே, இனிமேல் சொல்லப் போவது என் தப்பு. மறைக்காமல் சொல்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அப்பாவுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர் தனியாக எடுத்து வைத்ததுதான். பிள்ளைகளைத் தாத்தா பக்கம் போகாதே என்றேன். மாமியாரிடம் "சளிக்கட்டு" என்று சொல்லிவிட்டேன். அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் பையை எடுத்துக்கொண்டு, "ஊருக்குப் போறேன் தாயி, ஆடு கெடக்கு" என்று கிளம்பிவிட்டார். வீட்டில் ஆடே கிடையாது. முந்தின வருஷமே விற்றாச்சு.

பரிசோதனைக்குப் பிள்ளைகளை நான் கூட்டிப் போகவில்லை. போனால் மாமியாருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், அப்புறம் என் மகளை யார் கட்டுவார்கள் என்றெல்லாம் நினைத்தேன். மகளுக்கு வயசு ஒன்பதுதான், பாருங்கள் என் புத்தியை. மகனுக்கு நாலு வயசு. டம்ளரில் வராத நோய்க்கு டம்ளரை ஒதுக்கி வைத்தேன். பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைக்குப் பரிசோதனை பண்ணாமல் விட்டேன்.

ஊரில் அம்மாதான் அப்பாவைப் பார்த்துக்கொண்டது. முதல் வாரம் ஒரு ராத்திரி போன் வந்தது. "உங்கப்பாவுக்கு ஒண்ணுக்கு செவப்பா போகுதுடி, ரத்தமா இருக்குமோ" என்று. நர்ஸம்மா ஏற்கனவே சொல்லியிருந்தார்கள், மாத்திரையின் நிறம் அப்படி இறங்கும், பயப்பட வேண்டியதில்லை என்று. நான்தான் அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கு ரெண்டு பேரும் தூங்கவில்லை.

ரெண்டு மாசம் முடிந்ததும் திரும்பச் சளி எடுத்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. காய்ச்சல் நின்றுவிட்டது, பசி எடுக்க ஆரம்பித்தது. நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அங்கேதான் ஏமாந்தோம். மூணாவது மாசம் ஊருக்குப் போனபோது அரிசிப் பானைக்குப் பின்னால் மாத்திரை அட்டை கிடந்தது. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது நாள் மாத்திரை அப்படியே இருக்கு.

"ஏம்ப்பா?" என்று கத்திவிட்டேன். அப்பா மெதுவாகத்தான் பேசினார். "அதான் கிருமி இல்லேன்னு வந்துடுச்சே. மாத்திரை வாங்கப் போனா எதுக்கு எதுக்குன்னு கேக்குறாங்க. நீ பெத்த பொண்ணு, நீயே தட்டைத் தனியா வெச்ச. ஊரு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் வந்தேன்.

அந்த வாரமும் குழுக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அதோடு மூணு கூட்டம் ஆச்சு. சேமிப்பும் கட்டவில்லை, கடன் தவணையும் பாக்கி. ஊக்குநர் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். தவணை கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "உனக்கு என்னடி ஆச்சு?" என்று மட்டும்தான். மாட்டுக் கொட்டகையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்கும் இது இருந்துச்சு. பதினாலு வருஷமாச்சு. இன்னிக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

நாங்கள் ரெண்டு பேரும் ஒரே குழுவில் எட்டு வருஷமாக வாராவாரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். யார் வீட்டில் எவ்வளவு கடன் என்று பைசா சுத்தமாகத் தெரியும். இது தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன். அக்காவும் சொன்னார். ஒரு ரெண்டு பேர் முகம் சுளித்தது உண்மைதான். மற்றவர்கள் வேலையில் இறங்கிவிட்டார்கள். அன்றைக்கே குழுவிலிருந்து உள்கடன் 5,000 ரூபாய் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியில் கொடுத்தார்கள். பழைய தவணைக்கு ரெண்டு மாசம் அவகாசம் தீர்மானத்தில் எழுதினார்கள். அப்பாவுக்கு வர வேண்டிய சத்துணவுப் பணம் வராமலே இருந்தது. கணக்கில் ஆதார் சேர்க்கவில்லை என்று கண்டுபிடித்து, பேங்க்குக்கு அழைத்துப் போய்ச் சரிபண்ணிக் கொடுத்தது நம்ம கணக்காளர் தங்கச்சிதான்.

எல்லாவற்றிலும் பெரிய உதவி எங்கள் அப்பா ஊரில் கிடைத்தது. அந்த ஊர்க் குழுவில் ஒரு உறுப்பினர் மக்களைத் தேடி மருத்துவம் வேலை பார்க்கிறார். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பவர். கூட்டமைப்பு மூலமாக அவரிடம் பேசினோம். நர்ஸம்மாவிடம் கேட்டு, அப்பாவின் காசநோய் மாத்திரைக்கும் அவரே பொறுப்பு எடுத்துக்கொண்டார். எல்லார் வீட்டுக்கும் போகிறவர் என்பதால் எங்கள் வீட்டுக்கு ஏன் வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. தினமும் காலையில் வந்து, "மாமா, வாயைத் திறங்க, முழுங்கியாச்சா?" என்று பார்த்துவிட்டுத்தான் போவார். விட்ட ஒன்பது நாளையும் கடைசியில் சேர்த்துப் போடச் சொன்னார்கள். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும், அப்புறம் வேறு மாத்திரை, கூடுதல் தொந்தரவு என்று டாக்டர் அப்பாவிடமே விளக்கிச் சொன்னார். பீடியையும் அன்றோடு விட்டார்.

மாமியாரிடம் நானே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினார்தான். "பிள்ளைக்கு இன்னும் டெஸ்ட் எடுக்கலையாடி பாவி" என்று திட்டினார். மறுநாளே எல்லாரும் போனோம். அம்மா, நான், வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் யாருக்கும் நோய் இல்லை. சின்னவனுக்கு நோய் வராமல் தடுக்க ஆறு மாசம் மாத்திரை கொடுத்தார்கள். கடவுள் புண்ணியம், நான் தாமதம் பண்ணினதுக்குத் தண்டனை என் பிள்ளைக்கு வரவில்லை.

அன்றைக்கு டாக்டரிடம் தட்டு விஷயத்தைக் கேட்டேன். "இது காத்துல பரவுற நோயம்மா. தட்டுல, டம்ளர்ல, துணியில பரவாது. இருமும்போது வாயைத் துணியால மூடணும். சளியை மூடி போட்ட டப்பாவில துப்பணும். ஜன்னலைத் திறந்து வைங்க. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டா ரெண்டு மூணு வாரத்துல அடுத்தவங்களுக்குப் பரவுறது ரொம்பக் குறைஞ்சிடும்" என்றார். அடுத்த முறை அப்பா வீட்டுக்கு வந்தபோது நாங்கள் குடிக்கிற டம்ளரில்தான் காப்பி கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குடித்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு பண்ணவில்லை. தினமும் ஒரு முட்டை, அவிச்ச கடலை, முருங்கைக்கீரை, சுண்டல், வாரம் ஒருநாள் மீன். சுகர் இருப்பதால் சோற்றைக் குறைத்து இதைக் கூட்டினோம். தம்பி மாசம் 1,500 அனுப்பினான். ஆவணியில் மாத்திரை முடிந்து கடைசிச் சளி பரிசோதனையிலும் கிருமி இல்லை. எடை 49 கிலோ. சுகர் மாத்திரை மட்டும் தொடருது. போன பொங்கலுக்குக் கரும்போடு சைக்கிளில் வந்து இறங்கினார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. உள்கடன் 5,000-மும் கட்டி முடித்துவிட்டேன், தோடும் திரும்பி வந்துவிட்டது.

இப்போது எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வருகை, சேமிப்பு, தவணை எல்லாம் எழுதி முடித்ததும் ஊக்குநர் அக்கா ஒரு கேள்வி கேட்பார்: "யார் வீட்டிலாவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையறது இருக்கா?" இதுவரை ரெண்டு பேரைச் சளி பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். ஒருவருக்கு ஒன்றும் இல்லை. இன்னொருவருக்கு இருந்தது, இப்போது மூணாவது மாசம் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாள் கூட விடவில்லை.

இங்கே வந்திருக்கும் எல்லாக் குழுக்களும் அந்த ஒரு கேள்வியைக் கூட்டத்தில் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. யார் வீட்டிலாவது இருந்தால் என்னை மாதிரி மறைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் முதலில் சொல்லுங்கள். அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கலாம்.