துப்பட்டி போனது, கைலியும் போகிறது

(நோன்புப் பெருநாள் துணி வழங்கும் கூட்டத்தில் வெம்பக்கோட்டையில் பேசியதன் எழுத்து வடிவம்)



துணி கொடுக்கிற நாளில் துணியைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன். மார்க்கச் சட்டம் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் நான் போகவில்லை. நாம் உடுத்துவதை யார் தீர்மானிக்கிறார்கள், அதற்கு யார் காசு கட்டுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகள்தான் என்னிடம் இருக்கின்றன.

அலங்கார ஆசை இன்று வந்ததல்ல. பக்கத்தில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022-இல் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண்ணில் செய்த காதணி என்று கூடை கூடையாக வந்தன. அறுத்து முடிக்காத சங்குத் துண்டுகளும் இருந்ததால், வளையலை இங்கேயே செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. கடலிலிருந்து சங்கைக் கொண்டுவந்து, வைப்பாற்றங்கரையில் தங்கள் கைக்கு ஏற்ற வளையலாக அறுத்துப் போட்டுக்கொண்டார்கள். பொருள் வெளியூர், வேலைப்பாடு உள்ளூர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இருக்கிற நன்னிமார்களுக்குத் துப்பட்டியை ஞாபகம் இருக்கும். வெள்ளைப் பருத்தித் துணி. வெளியே கிளம்பினால் சேலைக்கு மேலே தலையிலிருந்து போர்த்திக்கொள்வார்கள். கீழக்கரை, காயல்பட்டினம், மேலப்பாளையம், நம் பக்கத்து ராவுத்தர் ஊர்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் போர்த்தும் பக்குவம் கொஞ்சம் மாறும். சேலையும் தெரியும், நகையும் ஊருக்கு ஊர் வேறு, பேச்சும் வேறு. கல்யாண வீட்டில் ஒரு பெண் வந்து நின்றால், எந்த ஊர்ப் பிள்ளை என்று பெரியவர்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.

1980, 90-களில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களின் பெட்டியோடு கறுப்புப் புர்கா வந்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் துப்பட்டி மறைந்துவிட்டது. இதற்காக ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. வெள்ளைத் துப்பட்டியில் கரிசல் மண் ஒட்டினால் துவைத்து மாளாது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும், அந்தக் கையில் புத்தகப் பையோ பிள்ளையோ இருக்க முடியாது. பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குத் தைத்த புர்கா வசதியாக இருந்தது என்பது உண்மை. பழையது எல்லாம் பொன் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் துவைக்காத ஆம்பிளைகள்தான்.

நமக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது, முஸ்லிம் உடை என்று ஒன்று ஆதியிலிருந்து மாறாமல் இருக்கிறது என்று. குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் முப்பாட்டன்மார் காலத்துப் புகைப்படங்களில் பெரிய மனிதர்கள் தலையில் அது இருக்கும். அதை உஸ்மானிய அதிகாரிகள் எல்லாரும் அணிய வேண்டும் என்று சுல்தான் இரண்டாம் மஹ்மூது உத்தரவு போட்டது 1829-இல்தான். தலைப்பாகையை எடுக்கச் சொல்லி, நவீனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்தது அது. பிறகு அந்தத் தொப்பி ஏராளமாக எங்கே தயாரானது தெரியுமா? ஆஸ்திரியத் தொழிற்சாலைகளில்! 1908-இல் ஆஸ்திரியா போஸ்னியாவைச் சேர்த்துக்கொண்டபோது, கோபத்தில் துருக்கியர் அந்தத் தொப்பியையே புறக்கணித்தார்கள். 1925-இல் முஸ்தபா கமால் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார். நூறு வருடத்துக்குள் புதுமையாக வந்து, அடையாளமாகி, குற்றமாகவும் ஆகிவிட்டது. மறைக்க வேண்டியதை மறைப்பது கடமை. என்ன நிறம், என்ன வெட்டு என்பதெல்லாம் காலமும் கடையும் சேர்ந்து செய்கிற வேலை.

இப்போது அந்தக் கடை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அபாயாவில் பட்டாம்பூச்சி மாடல், கோட் மாடல், கல் பதித்தது, முன்பக்கம் திறந்தது என்று ஆறு மாதத்துக்கு ஒன்று மாறுகிறது. துபாயில் ஒரு பெண் ரீல்ஸில் போட்டுக் காட்டியதை அடுத்த வெள்ளிக்கிழமை சிவகாசியிலும், கொழும்பிலும், கோலாலம்பூரிலும் ஒரேமாதிரி பார்க்கலாம். எளிமைக்காக வந்த உடை இது! போன வருடத்து அபாயாவோடு கல்யாணத்துக்குப் போக வெட்கப்படுகிற பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். மணப்பெண்ணுக்கு இந்திப் படத்து லெஹங்கா, மாப்பிள்ளைக்கு ஷெர்வானி, அதுவும் மூன்று மணி நேரத்துக்கு. நிகாஹ்வில் கட்டும் கருகமணி சில வீடுகளில் மட்டும் மிச்சம்.

யார் காசு கட்டுகிறார்கள் என்று கேட்டேனே, இங்கே பாதி வீட்டில் பதில் ஒன்றுதான்: தவணைக்காரருக்கு அம்மா கட்டுகிறாள். குழாய் ஒட்டியும் சரம் பின்னியும் எண்ணிக்கைக் கூலி வாங்குகிற அம்மா. மழை பிடித்தால் பட்டாசு காயப்போட வழியில்லை, வேலையும் இல்லை, தவணை மட்டும் வாராவாரம் வாசலில் நிற்கும். பெருநாளுக்கு எடுத்த துணியின் கடன் ஹஜ் பெருநாள் வரை இழுக்கிறது. வீண்விரயத்தைப் பற்றி மார்க்கம் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லியிருக்கும்போது, பேணுதலின் பெயரிலேயே விரயம் நடப்பதை என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை.

இனிமேல் சொல்வதைத் தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள். புது மாடல் அபாயாக்களில் பெரும்பாலானவை நிதா, கிரேப், ஜார்ஜெட் துணிகள். அதாவது பாலியஸ்டர். உரசினால் அதில் நிலைமின்சாரம் ஏறும். காற்று வறண்ட நம் பூமியில் இன்னும் அதிகம். இருட்டில் இந்தத் துணியைக் கழற்றும்போது சடசடவென்று பொறி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொறி வீட்டில் வேடிக்கை, மருந்து இருக்கிற அறையில் மரணம். பட்டாசு ஆலையில் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்று சொல்வதும், உள்ளே நுழையும் முன் தகட்டைத் தொடச் சொல்வதும் இதற்காகத்தான். இன்னொன்று, தீப்பிடித்தால் பருத்தி எரியும், பாலியஸ்டரோ உருகித் தோலோடு ஒட்டும். இந்த ஊரில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வேலைக்குப் போகும்போது மேலே போட்டுக்கொண்டு, ஆலை வாசலில் கழற்றி வைக்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். நல்லது. கழற்றி வைக்க மறைவான இடம் எல்லா ஆலையிலும் இருக்கிறதா? இல்லாத இடத்தில் கூச்சப்பட்டு அதோடேயே உள்ளே போய் உட்காருகிறார்கள். கூச்சத்தைக் குறை சொல்லி என்ன பயன்? பருத்தியில் உடை கிடைக்காததுதான் கோளாறு. நன்னியின் துப்பட்டி பருத்தி. ஆலைக்குப் பொருத்தமான துணியை நாம்தான் தெரியாமலே கைவிட்டோம்.

தம்பிமார்கள் தப்பித்துவிட வேண்டாம். மூட்டிய கைலி கட்டிக் கடைத்தெருவுக்கு வர உங்களுக்கு வெட்கம். பழவேற்காட்டுக் கைலி என்று பெயர் வாங்கி மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிய துணி அது. அதைப் போன்ற கட்டம்போட்ட துணியை 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் 'மெட்ராஸ்' என்று சட்டை தைத்து விற்றார்கள். துவைத்தால் சாயம் கலங்கியது. புகார் வந்ததும், சாயம் கலங்குவதே அசலுக்கு அடையாளம் என்று விளம்பரம் செய்து, அதையும் ஃபேஷன் ஆக்கிவிட்டார்கள். வியாபாரிக்கு எதையும் விற்கத் தெரியும். மேலப்பாளையத்தில் நம் மக்களே தறியில் உட்கார்ந்து நெய்தார்கள். தறி நின்ற வீடுகளில் பெண்கள் பீடித் தட்டை எடுத்தார்கள். நம் உடை மாறும்போது நம் வேலையும் சேர்ந்து மாறிவிடுகிறது.

ஆகவே அறக்கட்டளைக்கு ஒரு யோசனை வைக்கிறேன். அடுத்த வருடம் மொத்தக் கடையில் வாங்கிய பாலியஸ்டர் அபாயாவைக் கொடுக்க வேண்டாம். சத்திரப்பட்டியும் அருப்புக்கோட்டையும் பக்கத்தில்தான் இருக்கின்றன, பருத்தி வாங்கலாம். தையல் தெரிந்த சகோதரிகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், கூலி அவர்களுக்குப் போகட்டும். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தொங்கும் கை வேண்டாம், மணிக்கட்டோடு நிற்கட்டும். துவைத்தால் ஒரு பகலில் காய வேண்டும். நிறம், வெட்டு இரண்டையும் உடுத்தப் போகிற பெண்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும், கமிட்டியில் இருக்கிற ஆம்பிளைகள் வேண்டாம். வெள்ளை, கறுப்பு, காவிக்கல் நிறம், எதுவானாலும் சரி.

இன்று துணி வாங்கிப் போகும்போது, ஆலை வேலைக்குப் போகிறவர்கள் வாசலில் இருக்கும் சகோதரியிடம் அளவு கொடுத்துவிட்டுப் போங்கள். முதலில் பத்துப் பேருக்குத் தைத்துப் பார்ப்போம். வஸ்ஸலாம்.