அளந்த பிறகு நிரப்புவோம்

(தென்சென்னைப் பகுதி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில், தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘வெல்டிங் செயல்முறை ஆவணங்களுக்கு நிரப்பத்தக்க மின்படிவம் தயாரித்தல்’ என்ற தலைப்பை நிகழ்ச்சி நிரலில் பார்த்ததும், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் தேநீர் இடைவேளை எத்தனை மணிக்கு என்று பார்த்திருப்பீர்கள். அது நியாயம்தான். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு அடிப்படை இயந்திரவியல் கற்பிப்பவன். என் பாடத்தின் ஒரு மூலையிலிருந்துதான் பேசப்போகிறேன். ஆனால் படிவம் நிரப்பாத ஆசிரியர் நம்மில் யாரும் இல்லை. படிவம் கொடுத்து மாணவரை நிரப்பச் சொல்லாத ஆசிரியரும் இல்லை. அதனால் பேச்சு உங்களுக்கும் உரியதுதான்.

பாலத்தின் மேல் நடக்கும் நம்பிக்கை

தி.நகருக்கு வந்து போகிறவர்கள் இரண்டு கட்டுமானங்களைப் பார்த்திருப்பீர்கள். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023இல் திறக்கப்பட்டது. தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சி.ஐ.டி. நகர் வரை செல்லும் எஃகு மேம்பாலம் 2025இல் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட எஃகுக் கட்டுமானங்களில் எத்தனையோ பற்றவைப்புகள் இருக்கும். வண்ணம் பூசிய பிறகு இணைப்பு எங்கே இருக்கிறது என்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா, கசடு சிக்கியிருக்கிறதா என்பதை வெளியே நின்று சொல்ல முடியாது. மீயொலிச் சோதனையோ எக்ஸ்ரே சோதனையோ செய்யலாம். அதோடு, அந்த இணைப்பு எப்படிப் போடப்பட்டது என்று எழுதிவைத்த தாள்கள் வேண்டும். நாளை ஒரு விரிசல் வந்தால் முதலில் தேடப்படுவது அந்தத் தாள்கள்தான்.

மூன்று தாள்கள்

தொழிற்சாலைகளில் இதற்கு மூன்று ஆவணங்கள் உண்டு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பில் 9ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. அதன் மாதிரிப் படிவங்களுக்கு க்யூ.டபிள்யூ. 482, 483, 484 என்று எண்கள். நம் நாட்டுத் தரநிலைகளில் செயல்முறைச் சோதனைக்கு ஐ.எஸ். 7307, வெல்டரின் சோதனைக்கு ஐ.எஸ். 7310. திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. ஆகவே இது எங்கோ வெளிநாட்டுச் சங்கதி அல்ல.

முதல் தாள் செயல்முறைக் குறிப்பு. ‘இப்படிச் செய்’ என்று சொல்வது. எந்த உலோகம், எந்த ராடு, எத்தனை ஆம்பியர், எந்த நிலை என்று எல்லாம் அதில் இருக்கும். மின்னோட்டம் 90 முதல் 130 ஆம்பியர் வரை என்பதுபோல், மதிப்புகள் பெரும்பாலும் வரம்புகளாக இருக்கும்.

இரண்டாவது, தகுதிச் சோதனைப் பதிவு. ‘இப்படிச் செய்தோம், இது நடந்தது’ என்று சொல்வது. சோதனைத் தகட்டைப் பற்றவைத்தபோது மீட்டரில் தெரிந்த எண்களும், அந்தத் தகட்டை வெட்டி இழுத்தும் வளைத்தும் பார்த்த முடிவுகளும் இதில் வரும். இங்கே வரம்பு போதாது. அளந்த எண் வேண்டும்.

மூன்றாவது, வெல்டரின் தகுதிச் சான்று. இந்த ஆள் இந்த வேலையைச் செய்யக்கூடியவர் என்பதற்கு அத்தாட்சி.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். நம் பாடக்குறிப்பேட்டில் எழுதுவது முதல் வகை. வகுப்பில் உண்மையில் நடந்தது இரண்டாவது வகை. இரண்டும் ஒன்றாகவே இருந்துவிடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

படிவத்தைக் கணினியில் செய்தல்

இனிச் செய்முறை. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் லிப்ரே ஆஃபீஸ் இருந்தால் போதும். அது இலவச மென்பொருள்.

செயல்முறைக் குறிப்புக்கு ரைட்டரில் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். ‘ஃபார்ம்’ மெனுவில் டிசைன் மோடைத் திறந்து, தேவையான இடங்களில் கட்டங்களை வையுங்கள். உலோகத்தின் பெயருக்கும் ராடின் வகைக்கும் பட்டியல் கட்டம். இ6013, இ7018 என்று தேர்ந்தெடுக்கும்படி இருந்தால் எழுத்துப்பிழை வராது. பாதுகாப்புக் கவசம், கையுறை ஆகியவற்றுக்கு டிக் கட்டம். தேதிக்குத் தேதிக் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பெயர் கொடுங்கள். டேப் விசையை அழுத்தினால் எந்த வரிசையில் நகர வேண்டும் என்பதையும் ஒழுங்குபடுத்துங்கள். பிறகு பி.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்யும்போது ‘கிரியேட் பி.டி.எஃப். ஃபார்ம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிரப்பத்தக்க படிவம் தயார்.

தமிழில் படிவம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் செய்யாதீர்கள், ஒருங்குறியில் செய்யுங்கள். தலைப்புகள் தமிழில் ஒழுங்காக வந்தாலும், நிரப்பும் கட்டத்துக்குள் தட்டச்சு செய்யும்போது சில பி.டி.எஃப். செயலிகளில் கொம்பும் காலும் இடம் மாறும். பள்ளியில் எந்தச் செயலி இருக்கிறதோ அதில் ‘கொ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ ஆகியவற்றை அடித்துச் சோதித்த பிறகே படிவத்தை மாணவரிடம் கொடுங்கள்.

சோதனைப் பதிவுக்குக் கால்க் விரிதாள் நல்லது, ஏனென்றால் அதுவே கணக்குப் போடும். வெப்ப உள்ளீடு என்று ஒரு கணக்கு உண்டு: வோல்ட்டையும் ஆம்பியரையும் 60ஐயும் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்ற வேகத்தால் வகுக்க வேண்டும். 24 வோல்ட், 120 ஆம்பியர், நிமிடத்துக்கு 150 மி.மீ. என்றால் மில்லிமீட்டருக்கு 1152 ஜூல் வரும். மாணவர் மூன்று எண்களை இட்டதும் நான்காவது தானாக வரும்படி சூத்திரம் எழுதுங்கள். மாணவர் நிரப்ப வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் பாதுகாப்பை எடுத்துவிட்டு, மொத்தத் தாளையும் ‘ப்ரொடெக்ட் ஷீட்’ கொண்டு பூட்டிவிடுங்கள். சூத்திரம் யார் கை பட்டும் அழியாது.

தடுக்கலாமா, எச்சரிக்கலாமா?

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விரிதாளில் ‘வேலிடிட்டி’ என்ற வசதி இருக்கிறது. 90 முதல் 130 வரை என்று வரம்பு வைத்தால், அதற்கு வெளியே உள்ள எண்ணை இட்டதும் கணினி குறுக்கே நிற்கும். அதில் ‘ஸ்டாப்’ வைத்தால் எண்ணை ஏற்கவே ஏற்காது. ‘வார்னிங்’ வைத்தால் எச்சரித்துவிட்டு, நாம் சரி என்றால் ஏற்றுக்கொள்ளும்.

என் வகுப்பில் இரண்டு குழுக்களுக்கு வேண்டுமென்றே வெவ்வேறு படிவம் கொடுத்தேன். ஒன்றில் ஸ்டாப், மற்றதில் வார்னிங். நான் திரைக்குள் நின்று பற்றவைத்தேன். மாணவர்கள் வெளியே கிளாம்ப் மீட்டரையும் நிறுத்துக்கடிகாரத்தையும் பார்த்துக் குறித்தார்கள். மின்னோட்டத்தை 145 ஆம்பியருக்கு ஏற்றிவைத்திருந்தேன். சற்று நேரத்தில் முதல் குழுவிலிருந்து ஒரு மாணவன் வந்தான்.

“சார், 145 போட்டா எடுக்கமாட்டேங்குது. 130னு போட்டுடட்டுமா?”

இரண்டாவது குழுவில் ஒரு மாணவி 145 என்றே இட்டு, பக்கத்துக் குறிப்புக் கட்டத்தில் ‘வரம்பைவிட 15 அதிகம், சாரிடம் கேட்க வேண்டும்’ என்று எழுதியிருந்தாள்.

இருவரும் ஒரே வகுப்பு, ஒரே நேர்மை. முதலாமவனைப் பொய் எண்ணை நோக்கித் தள்ளியது படிவம். பட்டறையில் இதே 130 எழுதப்பட்டால், அளவுக்கு மீறிச் சூடான இணைப்பு ‘சரி’ என்ற தாளோடு பாலத்துக்குப் போகும்.

ஆகவே என் பரிந்துரை இது. ‘இப்படிச் செய்’ என்று சொல்லும் தாளில் வரம்பைக் கடுமையாக வையுங்கள். ‘இது நடந்தது’ என்று சொல்லும் தாளில் எந்த எண்ணையும் தடுக்காதீர்கள். எச்சரிக்கை காட்டுங்கள், காரணம் எழுத ஒரு கட்டம் கொடுங்கள். அளக்க வேண்டிய கட்டத்தில் முன்கூட்டியே எந்த எண்ணும் இருக்கக் கூடாது. மாதிரிக்கு என்று 120 போட்டுவைத்தால், 120தான் திரும்பி வரும்.

திருத்துவதற்கும் ஒழுங்கு உண்டு

மின்படிவத்தில் திருத்துவது எளிது, அதுவே ஆபத்தும்கூட. தொழிலில் இதற்கு விதி இருக்கிறது. செயல்முறைக் குறிப்பில் இணைப்பின் வலிமையைப் பாதிக்காத ஒன்றை மாற்றினால், திருத்த எண்ணும் தேதியும் போட்டு மாற்றலாம். உலோகத்தின் வகை போன்ற அடிப்படையானதை மாற்றினால், மீண்டும் தகடு பற்றவைத்துச் சோதிக்க வேண்டும். தகட்டின் தடிமனுக்கும் எல்லை உண்டு: 9ஆம் பிரிவின்படி 12 மி.மீ. தகட்டில் தேறிய செயல்முறை பொதுவாக 5 முதல் 24 மி.மீ. வரைதான் செல்லும். சோதனைப் பதிவில் அளந்த எண்ணைப் பின்னாளில் மாற்றக் கூடாது. அன்று நடந்தது நடந்ததுதான். எனவே முதல் தாளின் தலைப்பில் திருத்த எண்ணுக்கு ஒரு கட்டம் வையுங்கள். இரண்டாவது தாளைக் கையெழுத்தானதும் பூட்டிய பி.டி.எஃப். ஆக்கிச் சேமியுங்கள்.

மற்ற பாடங்களுக்கு

இயற்பியல் ஆசிரியர்களுக்கு இது புரிந்திருக்கும். தனி ஊசல் சோதனையில் ஊசல் ஆடுவதற்கு முன்பே 9.8 என்று விடை எழுதி, பின்னோக்கிக் கணக்குப் போடும் பதிவேடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 9.3 வந்த மாணவருக்கு மதிப்பெண் குறைத்தால், அடுத்த முறை அவருக்கும் 9.8தான் வரும். தொடக்கப்பள்ளியில் உயரமும் எடையும் குறிக்கும்போது, சென்ற பருவத்தின் எண் பக்கத்திலேயே தெரிந்தால் கை அதையே ஒட்டி எழுதும். அளந்த பிறகு பழைய எண்ணைப் பார்க்கலாம்.

எங்கள் மாணவர்களில் பலர் பட்டறைக்குத்தான் போகிறார்கள். மந்தைவெளியிலும் அடையாறிலும் கிரில் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன்மார் சத்தத்தை வைத்தே ஆம்ப்ஸ் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் காதுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் பெரிய கட்டுமானங்களில் அந்தத் திறமையோடு இந்தத் தாள்களையும் படிக்கவும் நிரப்பவும் தெரிந்தவர்தான் மேலே போகிறார். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை, தாளைப் பார்த்துத் தயங்கி உதவியாளராகவே நின்றுவிடக் கூடாது.

நாளை பள்ளிக்குச் சென்றதும் நீங்கள் பயன்படுத்தும் படிவம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எந்தக் கட்டம் கட்டளை, எந்தக் கட்டம் அளவு என்று இரண்டு நிறத்தில் குறியுங்கள். அளவுக்குரிய கட்டத்தில் முன்பே ஏதாவது எழுதியிருந்தால் அதை அழித்துவிட்டு, மாணவர் கையில் அளவுகோலைக் கொடுங்கள்.